வாயை மட்டும் அசை

எட்டாம் வகுப்பில் அவளை எல்லாரும் சங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலைச் சங்கு ஊதினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு குரல் அவளுக்கு. விளையாட்டுத் திடலின் இந்த மூலையில் நின்று "டேய், பந்தை இங்கே போடு!" என்று அவள் கத்தினால், அந்த மூலையில் வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பவர்கள்கூடத் தங்கள் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு 'மகாராஜாவின் பல்வலி' போடுவது என்று முடிவானது. அது ரொம்பப் பழைய பாட்டு நாடகம். வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய, சிரிப்பு அதைவிட நிறைய.

இனிப்பாகத் தின்று தின்று ஒரு ராஜாவுக்குப் பல் சொத்தையாகிவிடுகிறது. வலி தாங்க முடியவில்லை. 'எனக்கு இல்லாத சிரிப்பு இந்த ஊரில் யாருக்கும் இருக்கக் கூடாது' என்று உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிற தண்டோராக்காரி, சொல்லும்போதே சிரித்துவிடுகிறாள். அங்கே ஆரம்பிக்கிற ரகளை, ராஜாவே சிரித்து, சிரித்த வேகத்தில் சொத்தைப் பல் தெறித்து விழுகிறவரை ஓயாது.

தண்டோராக்காரி யார் என்று பாட்டு டீச்சர் யோசிக்கவே இல்லை.

"சங்கு, நீதான். ஆனா ஒண்ணு, ஜன்னல் கண்ணாடி உடையாமப் பாடணும்."

ராஜா வேடம் கொக்குவுக்குக் கிடைத்தது. அவனும் சங்குவின் வகுப்புதான். ஒல்லியான பையன். எதை யோசித்தாலும் ஒற்றைக் காலில் நின்றுதான் யோசிப்பான். அவன் பாடினால் பக்கத்து வகுப்பில் கணக்கு போடுகிறவர்கள்கூடப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

தினமும் கடைசி மணி அடித்ததும் பள்ளியின் பெரிய அரங்கில் ஒத்திகை நடந்தது. பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தை வாசிக்க, சங்கு அட்டையில் செய்த முரசைத் தட்டிக்கொண்டு பாடுவாள்:

"ஊராரே ஊராரே கேளுங்க – வாய்
ஓரமும் திறக்காம வாழுங்க!
பல்லைக் காட்டிச் சிரிச்சாக்கா – ஒரு
பல்லுக்கு ஒருநாள் ஜெயிலுங்க!"

அரங்கின் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எல்லாம் அந்த முதல் 'ஊராரே'விலேயே பறந்துவிடும்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, தலைமையாசிரியர் அரங்குக்குள் வந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள். கூடவே மைக்செட்காரரும் வந்தார். அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி.

"பிள்ளைகளா, வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றாங்க. எந்தத் தப்பும் நடக்கக் கூடாது," என்றார் பெரிய சார். "அதனால பாட்டெல்லாம் ஒரு இசைக்குழுகிட்ட கொடுத்துப் பதிவு பண்ணி வாங்கியாச்சு. இனி நீங்க யாரும் பாட வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தை மெதுவாக மூடினார்.

ஒத்திகை ஆரம்பமானது. மைக்செட்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். ஒல்லிக் கொக்குவின் வாயிலிருந்து நாற்பது வயது மனிதரின் கனத்த குரல் கிளம்பியது. கொக்கு திடுக்கிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாட்டு முடிந்த பிறகும் சேவகர்கள் மூன்று பேர் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். அமைச்சராக நடித்தவனோ பாட்டு நடுவில் இருக்கும்போதே ஒரு பெரிய தும்மல் போட்டான். தும்மல் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

"பரவாயில்லை, பழகிடும்," என்றார் பெரிய சார்.

அடுத்தது தண்டோராக்காரி. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அருமையான குரல்தான். ஆனால் ஊரை எழுப்புகிற குரல் இல்லை, ஊரைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற குரல்.

சங்கு மேடையில் நின்றாள். முரசு கையில் இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

"நிறுத்துங்க," என்றார் பெரிய சார். "ஏம்மா, உன் வாய்க்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அசைக்கிறதுக்கு என்ன?"

"அது என் குரல் இல்ல சார். நான்தான் பாடறேன்னு நினைச்சு எல்லாரும் கை தட்டுவாங்க. அது பொய்தானே?"

"நாடகமே பொய்தானேம்மா? இவன் என்ன, நிஜ ராஜாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். சங்குவுக்குக் காது சூடானது.

"அவன் ராஜா இல்லன்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரியும் சார். பாடறது நாங்க இல்லன்னு யாருக்கும் தெரியாதே."

சிரிப்பு சட்டென்று நின்றது. பெரிய சார் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"இங்கே பாரு. வாயை அசைக்கிறதா இருந்தா மேடையில நில்லு. இல்லன்னா இறங்கிடு. அப்புறம் இந்த நாடகத்துல நீ மேடை ஏறக் கூடாது."

சங்கு சுற்றிலும் பார்த்தாள். சேவகர்கள் ஈட்டியைப் பார்த்தார்கள். கொக்கு தன் செருப்பைப் பார்த்தான்.

அவள் முரசைத் தரையில் வைத்தாள். மேடைக்கு மூன்றே மூன்று படிகள். அன்றைக்கு அவை முப்பது படிகள் மாதிரி இருந்தன. ஆனாலும் தலையைக் குனியாமல் இறங்கினாள்.

"சரி சார்," என்றாள்.

அவளுடைய வேடம் பஞ்சுவுக்குப் போனது. பஞ்சு அதுவரை அரண்மனைத் தோழிகளில் ஒருத்தி. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களே "என்ன?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். வாயை மட்டும் அசைப்பதற்கு அது போதுமே!

சங்குவின் அம்மா பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளின் முகத்தைப் பார்த்தார். பையைக் கழற்றக்கூட இல்லை.

"என்ன ஆச்சு?"

சங்கு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் குரல் ஏற ஏற, மாடி வீட்டுக்காரர் தரையில் இரண்டு தட்டு தட்டினார்.

"மெதுவாடி," என்றார் அம்மா. "என் தலையெழுத்தைப் பாரு. நாள் முழுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் 'வாயைத் திறங்க, வாயைத் திறங்க'ன்னு கெஞ்சறேன். வீட்டுக்கு வந்தா உன்கிட்ட 'வாயை மூடு, வாயை மூடு'ன்னு கெஞ்சறேன்."

சங்கு சிரிக்கவில்லை.

"போய் ஒரு மன்னிப்புக் கேட்டுடேன்," என்றார் அம்மா.

"எதுக்கும்மா? எந்தத் தப்புக்கு?"

அம்மா யோசித்துப் பார்த்தார். யோசித்ததில் தப்பு ஒன்றும் அகப்படவில்லை.

"சரி, கேட்காதே. கை கழுவிட்டுச் சாப்பிட வா."

மறுநாள் மதிய இடைவேளை. தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் சங்கு தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள். கழுவி முடித்ததும் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தாள். இரண்டு தட்டு தட்டினாள். பாட ஆரம்பித்தாள்.

"ஊராரே ஊராரே கேளுங்க!"

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஏழாம் வகுப்பும் வந்தது. நாடகத்தில் நடிக்கிறவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் சேர்ந்து பாடினார்கள். எத்தனை நாள் ஒத்திகை பார்த்த பாட்டு! தொண்டையில் அடைத்து வைத்தால் சும்மா இருக்குமா?

அலுவலக உதவியாளர் மூச்சு வாங்க வந்தார். "பெரிய சார் கேட்கிறார், இங்கே என்ன சத்தம்னு."

"சத்தம் இல்ல அண்ணா. பாட்டுன்னு சொல்லுங்க," என்றாள் சங்கு.

"பாடக் கூடாதுன்னு சொன்னாரேம்மா."

"மேடையிலதான் கூடாதுன்னார். குழாயடியில பாடக் கூடாதுன்னு விதி ஏதாவது இருக்கா, கேட்டுட்டு வாங்க அண்ணா. இருந்தா நிறுத்திடறேன்."

அவர் போனார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாடியில் தலைமையாசிரியர் அறை ஜன்னலில் பெரிய சாரின் முகம் தெரிந்தது. அவர் ஒரு நிமிடம் கீழே பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

உதவியாளர் திரும்பி வரவே இல்லை.

"விதி இல்ல!" என்று கத்தினான் அமைச்சர். எல்லாரும் இன்னும் பலமாகப் பாடினார்கள்.

அன்று மதியமே திட்டம் தயாராகிவிட்டது. நாளை புதன்கிழமை ஒத்திகையில் பதிவுப் பெட்டி ஓடும்போது ஒருவரும் வாயை அசைப்பதில்லை. சங்கு எல்லாரிடமும் போய்ப் பேசினாள். சேவகர்கள் சரி என்றார்கள். அமைச்சர் சரி என்றான். பஞ்சு கூட, "நானும் அசைக்கல," என்றாள். சங்கு "என்ன?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகு அது புரிந்தது.

கொக்கு ஒருவன்தான் பாக்கி. அவன் குழாயடிக்கு வரவே இல்லை. அன்று ஒத்திகை இல்லை; பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள்.

"நாளைக்கு யாரும் வாயை அசைக்கப் போறதில்ல. நீயும்தான்," என்றாள்.

"நான் வரல."

"ஏன்?"

"வரலன்னா விடேன்."

"பயந்தாங்கொள்ளி! பெரிய சாரைப் பார்த்தா அவ்வளவு நடுக்கமா உனக்கு? அவர் நம்ம பாட்டையே பிடுங்கிக்கிட்டார், நீ என்னடான்னா…"

"அவர் ஒண்ணும் பிடுங்கல!" என்று கொக்கு கத்தினான். "நான்தான் அவர்கிட்ட போய்க் கேட்டேன்!"

அந்த ஒரு வாக்கியத்திலேயே அவன் குரல் மேளம் மாதிரி ஆரம்பித்து, விசில் மாதிரி முடிந்தது. அவன் முகம் சிவந்துபோனது.

அவன் சைக்கிளைப் பிடித்திருந்த கையைச் சங்கு எடுத்தாள்.

"கேட்டல்ல?" என்றான் கொக்கு, தாழ்ந்த குரலில். "இப்படித்தான் ஆகுது. ரெண்டு வாரமா. எப்போ உடையும்னே தெரியல. ஒத்திகையில தாழ்த்திப் பாடிச் சமாளிச்சேன். வீட்டுல பாடிப் பார்த்தேன். ராஜா பாட்டுல 'பிடியிலே'ன்னு மேல போகணும்ல, அங்கே கழுதை கத்தற மாதிரி வந்தது. எங்க அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. அத்தனை பேர் முன்னால அப்படி ஆனா? பெரிய சார்கிட்ட போய் அழுதுட்டேன். 'உன் பேர் வெளிய வராது, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னார். நீ நேத்து அவ்வளவு பேசினியே, அப்பகூட அவர் சொல்லல."

சங்கு இரண்டு நாளாக நெஞ்சு நிறையக் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதை இறக்கி வைக்க ஓர் ஆள் கூட இல்லை.

"என்னை மட்டும் மாத்தினா எல்லாரும் என்னன்னு கேட்பாங்க. அதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதிவு பண்ணார்," என்றான் கொக்கு. "போ. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்றாள் சங்கு.

புதன்கிழமை காலை அவள் அமைச்சரிடமும் சேவகர்களிடமும் போய், "இன்னிக்கு அந்தத் திட்டம் வேண்டாம்," என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"பயந்துட்டியா?" என்றான் அமைச்சர்.

சங்குவுக்குச் சுருக்கென்றது. நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"ஆமா, அப்படியே வெச்சுக்கோ."

சங்குவே பயந்துவிட்டாள் என்று பள்ளி முழுக்கப் பேச்சானது. மதியம் குழாயடியில் யாரும் கூடவில்லை. அவள் மட்டும் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து அவள் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ராஜாவுக்கு என்ன வலி? பல்வலி. பல்வலி வந்தவர் எப்படிப் பாடுவார்?

ஒத்திகை முடிந்து வெளியே வந்த கொக்குவை நிறுத்தினாள்.

"பல்வலிக்காரங்க பேசி நீ கேட்டிருக்கியா?"

"இல்லையே."

"அப்ப என்கூட வா. எங்கம்மா வேலை செய்யற இடத்துக்கு."

"எனக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"பல்லைக் காட்ட இல்லடா. காதைக் காட்ட."

பல் மருத்துவமனையின் முன் அறையில் கிராம்புத் தைலமும் மருந்தும் கலந்த வாசனை அடித்தது. சுவரோரமாக ஆறு நாற்காலிகள். ஒன்றில் ஒரு பேருந்து ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே ஏதோ கருவி 'ர்ர்ர்' என்றது. ஓட்டுநர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய தொலைபேசி அடித்தது.

"ஆமா சார், ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். இன்னிக்கு என்னால வண்டி எடுக்க முடி…" என்று கனமாக ஆரம்பித்த குரல், "…யாது சார்!" என்று கீச்சென்று முடிந்தது. "இல்ல சார், விளையாடல சார். வலி சார்! ஐயோ!"

ஒவ்வொரு 'சாரு'ம் ஒவ்வொரு உயரத்தில் இருந்தது.

கொக்கு வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "என் குரல் மாதிரியே இருக்கு," என்று கிசுகிசுத்தான்.

"உன் குரல் ராஜா குரலுடா," என்றாள் சங்கு. "பல்வலி வந்த வாயில தேன் மாதிரிப் பாட்டு வந்தாத்தான் தப்பு. உடையற இடத்தை மறைக்காதே. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு 'ஐயோ'ன்னு ஒண்ணு போடு."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

"இங்கேயே பாடிப் பார்க்கட்டுமா?"

"பாடு."

அவன் தொண்டையைச் செருமினான். மெதுவாக ஆரம்பித்தான்:

"மேலே ஒரு பல்லு – அது
வேலு போலக் குத்துது!
கீழே ஒரு பல்லு – அது
கிண்டிக் கிண்டிக் கொத்துது!
ராஜ்யம் முழுக்க என் பிடியிலே – நான்
ராப்பகலா ஒரு பல் பிடி…"

உடைந்தது. கழுதை மாதிரியேதான் உடைந்தது. கொக்கு சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று அலறி, ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஓட்டுநர் கண்ணைத் திறந்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. "டேய், சிரிக்க வைக்காதே, சிரிச்சா வலிக்குது!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிவிட்டு, "இன்னொரு தடவை பாடு," என்றார்.

உள்ளேயிருந்து கதவு திறந்தது. சங்குவின் அம்மா கையுறையோடு எட்டிப் பார்த்தார். "யாரு இங்கே கச்சேரி பண்றது? உள்ளே டாக்டர் ஊசியும் கையுமா நிக்கிறார்!"

"தம்பியைத் திட்டாதீங்கம்மா," என்றார் ஓட்டுநர். "என் வலியை அப்படியே பாடறான்!"

கொக்கு ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. பார்வையாளர்களாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பெரிய சார் முன்னால் நாற்காலியில் இருந்தார். சங்கு அரங்கின் வாசலில் நின்றாள். மேடைப் பக்கம் போகவில்லை.

மைக்செட்காரர் பொத்தானை அழுத்தினார். கனத்த குரல் கிளம்பியது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் அசையவில்லை.

இரண்டு வரி போனது. ராஜா எழுந்தார். மரச் செங்கோலை உயர்த்தினார்.

"மைக்செட் அண்ணா, நிறுத்துங்க."

மைக்செட்காரர் பெரிய சாரைப் பார்த்தார்.

"அங்கே என்ன பார்வை? ராஜா சொல்றேன், நிறுத்துங்க!"

ஆறாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மைக்செட்காரர் தன்னை மறந்து பொத்தானை அழுத்திவிட்டார். அரங்கம் அமைதியானது. கொக்கு பாட ஆரம்பித்தான். முதல் வரி முடிவதற்குள் ஆர்மோனியம் சேர்ந்துகொண்டது. பாட்டு டீச்சர் எப்போது அதைத் திறந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

'பிடியிலே' வந்தது. குரல் நேற்றைவிடப் பெரிதாக உடைந்தது. "ஐயோ!"

முன் வரிசையில் ஒரு பொடிப்பயல் சிரித்துச் சிரித்துப் பக்கத்துப் பையன் மடியில் சாய்ந்தான். மொத்த வகுப்பும் கை தட்டியது. "ராஜா, இன்னொரு தடவை!" என்று யாரோ கத்தினார்கள். அமைச்சரும் சேவகர்களும் ராஜாவை வாய் பிளந்து பார்த்தார்கள். அப்போதுதான் அமைச்சருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. அவன் வாசல் பக்கம் திரும்பி, சங்குவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

பெரிய சார் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனார். "நிச்சயமாத்தானா?" என்று கொக்குவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார்."

"நாளைக்கு அவ்வளவு பேர் முன்னால உடைஞ்சா?"

"கண்டிப்பா உடையும் சார். அதான் சார் நல்ல இடம்."

அப்போது பஞ்சு முரசைக் கொண்டுவந்து நீட்டினாள். "சார், எனக்கு இது வேண்டாம். சங்குகிட்ட கொடுத்துடுங்க. நான் தோழியாவே நல்லா இருந்தேன்." அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பெரிய சார் முரசை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"விஷயம் உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். உங்களைத் தப்பா நினைச்சதுக்கு மன்னிச்சிடுங்க." சங்கு நிமிர்ந்து நின்றாள். "ஆனா வாயை மட்டும் அசைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் சார்."

பெரிய சாரின் மீசை லேசாகத் துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நான் எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொன்னேன். நீ மேடை ஏறக் கூடாதுன்னு. இப்போ மாத்திப் பேசினா, அப்புறம் நான் சொல்றதை இந்தப் பள்ளிக்கூடத்துல யார் கேட்பாங்க?"

"யாரும் கேட்க மாட்டாங்க சார்," என்றாள் சங்கு. "அதனால நான் மேடை ஏறல. தண்டோராக்காரிக்கு அரண்மனையில என்ன வேலை? அவ தெருவுலதானே நடப்பா? நான் இந்த வாசல்லேருந்து வர்றேன். ஜனங்க நடுவுல."

பெரிய சார் வாசலைப் பார்த்தார். அங்கிருந்து மேடை வரை நீளும் நடைபாதையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வாசல், மேடையில சேராது," என்றார். முரசை அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. அரங்கம் நிரம்பி, ஜன்னல் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். முன் வரிசையில் கல்வி அதிகாரி அம்மா. பக்கத்தில் பெரிய சார். மைக்செட்காரரிடம், "பெட்டி தயாரா இருக்கட்டும், எதுக்கும் விரலை எடுக்காதீங்க," என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சங்கு வாசலுக்கு வெளியே நின்றாள். கதவிடுக்கில் ஒரு கண்.

கொக்கு பாடினான். 'மேலே ஒரு பல்லு' நன்றாகப் போனது. ஆனால் 'கீழே' என்று ஆரம்பித்ததுமே குரல் உடைந்துவிட்டது. ஒத்திகையில் உடையாத இடம்! கொக்கு திகைத்து நின்றான். மைக்செட்காரரின் விரல் பொத்தானை அழுத்தப் போனது.

'ஐயோ சொல்லுடா,' என்று சங்கு மனதுக்குள் கத்தினாள். 'சொல்லு!'

கொக்கு இடது கன்னத்தைப் பிடித்தான். "ஐயோ!" என்றான். பிறகு 'பிடியிலே' வந்தது. அங்கேயும் உடைந்தது. அவன் சட்டென்று கையை மாற்றி வலது கன்னத்தைப் பிடித்தான். "ஐயையோ, அமைச்சரே, இந்தப் பக்கமும் வந்துடுச்சு!"

அது நாடகத்திலேயே இல்லாத வசனம். அரங்கம் அதிர்ந்தது. கல்வி அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்செட்காரர் விரலை எடுத்து, அந்தக் கையாலேயே தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சங்கு கதவைத் தள்ளினாள். நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள்.

"ஊராரே! ஊராரே!"

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. அவளுக்கு மைக் கிடையாது. தேவைப்படவும் இல்லை. ஜனங்கள் நடுவே முரசைத் தட்டிக்கொண்டு நடந்தாள். பல்லைக் காட்டிய ஒரு தாத்தாவிடம் நின்று, "உங்களுக்கு மூணு நாள் ஜெயில்தான், மூணு பல்லுதானே இருக்கு!" என்றாள். தாத்தாவே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு நாடகம் முடிகிறவரை அந்த அரங்கத்தில் யாருடைய வாயும் மூடவில்லை.

கடைசியில் ராஜாவின் பல் விழுந்தது. எல்லாரும் வணங்குவதற்காக மேடையில் வரிசையாக நின்றார்கள். சங்கு மட்டும் கீழே, நடைபாதையின் முடிவில் நின்றாள். சொன்ன சொல்லை மீறி ஒரு படி கூட ஏறவில்லை.

கொக்கு இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழே குதித்தான். நேராக வந்து சங்குவின் பக்கத்தில் நின்றான். அடுத்துப் பஞ்சு படியிறங்கி வந்தாள். பிறகு அமைச்சர். பிறகு ஈட்டிகளோடு சேவகர்கள். ஆர்மோனியத்தை விட்டுவிட்டுப் பாட்டு டீச்சரும்.

கல்வி அதிகாரி பெரிய சார் பக்கம் திரும்பினார். "இதுவும் நாடகத்துல உண்டா சார்?"

"இல்லைங்க மேடம்," என்றார் பெரிய சார். "கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? பிள்ளைங்க நிற்க இடம் பத்தல."

அவரே இரண்டு நாற்காலிகளையும் தூக்கி ஓரமாகப் போட்டார். மேடை காலியாகக் கிடந்தது. கீழே, கைகளைக் கோத்துக்கொண்டு, தண்டோராக்காரியை நடுவில் நிறுத்தி, அவர்கள் எல்லாரும் சேர்ந்து வணங்கினார்கள்.